மெட்டி விரல்

கணவரின் கருமாதியன்று குணவதியின் மெட்டியைக் கழற்ற நாத்தனார் உட்கார்ந்தாள். முடக்குவாதத்தில் வீங்கிய விரல் விடவில்லை. சோப்பு போட்டுப் பார்த்தாள், எண்ணெய் தடவிப் பார்த்தாள்.

“வலிக்குதா அண்ணி?”

“இல்ல.”

வலித்தது, வேறு யாருக்கோ வலிப்பதுபோல. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் சொன்னதைக் கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தார்: “கெட்டுப்போன செல்லுகிட்ட, போதும், செத்துப்போன்னு சொல்றதுக்கு ஒரு புரதம் இருக்கும்மா. உங்க மூட்டுல அது சரியா சொல்றதில்ல. சாக வேண்டியது சாகாம வளந்துகிட்டே இருக்கு.”

நாத்தனார் எழுந்து, கட்டர் எடுத்துவரச் சொன்னாள். குணவதி காலை மெல்ல இழுத்துப் புடவைக்குள் வைத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் இரும்மா” என்றாள். “அந்த விரலுக்கு இன்னும் யாரும் சொல்லல.”