கீழ்வீட்டுச் சூடு

சோபியா நகரத்தின் பழைய அடுக்குமாடி ஒன்றில், யோர்தாங்காவின் சன்னல் கண்ணாடி மேல் பனிக்கால வெயில் வெளுத்துக் கிடக்கிறது. வழக்கம்போல அவள் தன் ஹீட்டரை மூடியே வைத்திருக்கிறாள். கீழ்வீட்டில் ஹீட்டர் போட்டால் சூடு தரை வழியாகத் தானே ஏறி வரும், கட்டணமும் மிச்சம் என்பது அவள் கணக்கு. இந்த வருடமோ, இரண்டு கம்பளிக் காலுறைகளையும் மீறித் தரை சில்லென்று கடிக்கிறது. கதவு தட்டும் சத்தம். திறந்தால், கீழ்வீட்டுக்காரர் கிரில் காதுவரை இழுத்த தொப்பியோடு நிற்கிறார். மூக்கு மிளகாய்ப் பழமாகச் சிவந்திருக்கிறது. "ஏம்மா, உன் ஹீட்டர் ரிப்பேரா? என் வீட்டுச் சீலிங் ஐஸ் மாதிரி இருக்கு." "அதை நான்ல உங்ககிட்ட கேக்கணும்! என் தரை ஏண்ணே இப்படிக் கிடக்கு?" அவர் அவளுடைய கழுத்துச் சால்வையைப் பார்க்கிறார். அவள் அவருடைய கையுறைகளைப் பார்க்கிறாள். "அட, நீங்களுமா மூடிட்டீங்க?" "உன்னை நம்பித்தானே மூடினேன்!" இருவர் சிரிப்பும் வாசலில் வெண்புகையாக மிதக்கிறது. "சரி விடு, மேல்வீட்டுலயாவது போடுவாங்க" என்று கிரில் அண்ணாந்து பார்க்கிறார். அவர்கள் தலைக்கு மேலே, யாரோ பூட்ஸ் காலோடு, சூடேற்றிக்கொள்ள அறைக்குள்ளேயே இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.