விட்ட இடம்

மூலக்குளத்து மாடியறையில், மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கணினித் திரைமேல் சாய்த்துப் போட்டிருக்கிறது. வெற்றிச்செல்வன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கணினி தன் நினைவில் இருப்பதையெல்லாம் ஹார்டு டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைய வேண்டும். எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அதற்காகத்தான் எட்டு மாதமாக லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் நிரல் எழுதுகிறான். திங்கட்கிழமை அதைத் தூங்க வைத்துவிட்டுச் சென்னைக்குப் போனவன், இன்றுதான் எழுப்புகிறான். டிஸ்க் கரகரக்கிறது. திரை வெளுக்கிறது. திங்கட்கிழமை பாதியில் விட்ட வரி, அதன் நுனியில் துடிக்கும் கர்சர், எல்லாம் அப்படியே இருக்கின்றன. "பூர்ணிமா, எழுந்துடுச்சி!" பக்கத்திலிருக்கும் நோட்டில் தேதி போட்டு, பெரிதாக ஒரு டிக் அடிக்கிறான். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி வருகிறாள். "நேத்து நீங்க இல்லாதப்ப இதுலயே பழைய லினக்ஸப் போட்டு, தீசிஸோட கடைசி சாப்டர அடிச்சி முடிச்சேன். இருக்குதா பாருங்க." அவன் விரல்கள் விசைகளின்மேல் நின்றுவிடுகின்றன. தூங்கும் கணினியை இடையில் வேறு வழியாகத் திறக்கக் கூடாதென்று அவளிடம் அவன் சொன்னதேயில்லை. எழுந்த கணினிக்கு நேற்று என்று ஒரு நாள் தெரியாது. திங்கட்கிழமை நினைவை டிஸ்க்கில் அவள் எழுத்தின்மேல் எழுதிக்கொண்டிருக்கிறது. அவளுடைய தீசிஸ் கோப்பைத் திறக்கிறான். திரை நிறையக் கட்டங்களும் கேள்விக்குறிகளும். கீழே தெருவில் ஐஸ் வண்டியின் மணி கேட்கிறது. அவள் நகராமல் திரையையே பார்க்கிறாள். அவன் பேனாவை எடுத்து, நோட்டிலிருக்கும் டிக்கின்மேல் கோடு போடக் கொண்டுபோகிறான். "அத ஏன் அடிக்கிறீங்க?" என்கிறாள். "உங்களுது எழுந்துடுச்சில்ல."