அம்மாவுக்கு என்று சொன்ன போன்

மார்ச் 12, வியாழன். இன்று ஒரு சிறு பொய் சொன்னேன். சிறியதுதானா என்று தெரியவில்லை. கையிலிருக்கும் ஸ்மார்ட்போன் படிக்க விடுவதில்லை; தேர்வு முடியும்வரை பேசவும் மெசேஜ் அனுப்பவும் மட்டும் போதுமென்று எனக்காக ஒரு பழைய மாடல் பட்டன் மடக்கு போன் வாங்கினேன். "இதையா? உனக்காப்பா?" என்று கடைக்கார இதாயத் அண்ணன் சிரித்தார். பக்கத்தில் என் மாலை வகுப்புப் பெண்கள் இருவர் நின்றிருந்தார்கள். "அம்மாவுக்கு" என்றேன். நான் வகுப்பு முடிந்து திரும்புவதற்குள், பால் வாங்கப் போன அம்மாவிடம் அவர் சொல்லிவிட்டிருந்தார். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள்.

"எனக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "மொதல்ல உன் நம்பரப் போடு. இனிமே நீ வர லேட்டானா பக்கத்து வீட்டுல போன் கேட்டு நிக்க வேணாம் பாரு."

என் எண்ணைப் பதியும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாளை வகுப்புக்கு முன், அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.