கனகம் வாசிக்காத அட்டை

சுனாமிக்குப் பிறகு போட்ட தகரக் கூரைக்குக் கீழே, மண்டபத்தூர் வலைக்கொட்டகையில் நாலு மணி வெயில் பாயின் மேல் சாய்ந்து கிடக்கிறது. மீன் விற்றுத் திரும்பிய ஏழு பெண்கள் செதில் காயாத சேலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். சுரக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து இவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பவள் தமிழரசி. மூன்று மாதமாகியும் அவர்களில் கனகத்துக்கு மட்டும் எழுத்துக் கூடவில்லை. இன்றும் கூடாவிட்டால் இந்த டீச்சர் வேலை தனக்கு வராதென்று எழுதிக்கொடுத்துவிட இருக்கிறாள் தமிழரசி. இன்று பாடப்புத்தகத்தை விட்டுவிட்டு, கரையில் நிற்கும் படகுகளின் பெயர்களை பிஸ்கட் பெட்டி அட்டைகளில் எழுதி வந்திருக்கிறாள். கனகம் விரல் வைத்து வாசிக்கிறாள். "கடல்ராணி... முத்துமாரி..." தமிழரசிக்கு மூச்சு வருகிறது. மூன்றாவது அட்டையில் விரல் நின்றுவிடுகிறது.

"படிங்கக்கா." கனகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். "சொல்லேன்டி, டீச்சர் கேக்குறாங்கல்ல!" என்று மற்றவர்கள் குலுங்குகிறார்கள். "சும்மா கெடங்கடி." தமிழரசியின் முகம் விழுந்துவிடுகிறது. "தெரியலைன்னா பரவாயில்லக்கா." கனகம் நிமிர்கிறாள். "யாருக்குத் தெரியல? எங்க வூட்டுக்காரரு பேரை நான் எப்புடி டீச்சர் வாயால சொல்லுவேன்?" அட்டையைக் கவிழ்த்து வைக்கிறாள். சிலேட்டை மடியில் இருத்தி, பல்பம் உடைந்துவிடும்படி அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாக எழுதி நீட்டுகிறாள். "இந்தாங்க. நீங்களே சொல்லிக்கிங்க." தமிழரசி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்கிறாள். "நீலமேகம்" என்று சத்தமாக வாசிக்கிறாள். "ரொம்ப நன்றிக்கா" என்று சிலேட்டைத் திருப்பி நீட்டுகிறாள். "அட, எனக்கு எதுக்கு டீச்சர் நன்றி?" என்கிறாள் கனகம்.