றொஜரின் ஞாயிறு

பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டு செட்ரிக் நான்கடி பின்னால் போனான்.

கிறிகோரி கோல் கோட்டில் நின்றான். கையுறைக்குள் வேர்வை.

கிறிகோரியின் கிளப்பான கடலலை நான்கு பெனால்டியைக் கோலாக்கியிருந்தது. மொரிசியஸ்காரர் மூன்று. இது அவர்களுடைய கடைசி. இதைத் தடுத்தால் கடலலை இறுதியாட்டத்துக்குப் போகும்.

கிறிகோரி போகமாட்டான்.

அடுத்த ஞாயிறு றொஜரின் முறை.

இறுதியாட்டத்தில் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டுக் காத்திருக்கும் விடிவெள்ளியின் கோலி, கோல் காப்பவன்தான் றொஜர். விடிவெள்ளி தீவுப்பகுதி ஆட்களின் கிளப், கடலலை மன்னார் ஆட்களுடையது. பூசைக்குப் போனால்கூட இரண்டு கிளப்காரரும் ஒரே வாங்கில் இருப்பதில்லை.

ஆனால் றொஜருக்கும் கிறிகோரிக்கும் வேலை ஒரே வீட்டில்.

துறைமுகத்துக்கு மேலே, மூன்றாம் மாடி. எழும்பி நடக்க ஏலாத ஒரு இத்தாலியக் கிழவர், ஒரு காலத்தில் வழக்கறிஞர். ஒருவன் பகல் பார்ப்பான், மற்றவன் இரவு. ஞாயிறு ஒருவனுக்கு லீவு, மற்றவன் முழுநாளும் உள்ளே. அடுத்த ஞாயிறு மாறும். சமையலறைக்குப் பக்கத்து அறையில் இருவருக்கும் ஒரே கட்டில். அதற்கும் முறைதான்.

வேறு ஆளை விட முடியாது. ஒருமுறை விமலராஜ் என்ற இன்னொரு பொடியனை விட்டுப் பார்த்தார்கள். கிழவர் அவன் கையைக் கடித்துவிட்டார். மிலானில் இருக்கும் மகள் அன்றைக்கே சட்டம் போட்டாள்: இந்த இரண்டு பேரைத் தவிர வேறு கை அப்பாவில் படக்கூடாது.

பங்குக் கோயில் நடத்தும் கிண்ணப் போட்டியில் எட்டு அணிகள். விடிவெள்ளி ஒரு பிரிவு, கடலலை மற்றப் பிரிவு. ஒரு ஞாயிறு அந்தப் பிரிவு ஆடினால் மறு ஞாயிறு இந்தப் பிரிவு.

விடிவெள்ளி துறைமுகப் பொடியளை மூன்று கோலால் அடித்து அனுப்பியபோது கிறிகோரி கிழவரின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தான். அரையிறுதியில் கடைசி நிமிடம் றொஜர் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டபோது கிறிகோரி படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தான். கடலலை சியாகுல்லி ஊர்த் தோட்டக்காரரின் அணியிடம் திணறி, ஒரு கோலால் தப்பியபோது, கிழவருக்குக் கரண்டியால் சூப் பருக்கிக்கொண்டிருந்தவன் றொஜர்.

கிறிகோரி அடைந்து கிடந்த ஞாயிறுகளில் ஏறித்தான் விடிவெள்ளி வந்தது. றொஜர் அடைந்து கிடந்த ஞாயிறுகளில் ஏறித்தான் கடலலையும்.

வெள்ளிக்கிழமை கிறிகோரி வாய்விட்டுக் கேட்டான், ஒரு ஞாயிறு மாற்றச் சொல்லி. றொஜர் சிரித்தான்.

“கப்பை விட்டாலும் விடுவன் மச்சான், முறையை விடமாட்டன். நீ கிழவரோடை இருந்து போனிலை பார்.”

கம்பத்தடியில் கிடந்த பைக்குள் போன் அதிர்ந்தது. மூன்றாம் தடவை. கழுத்தில் சாவிக்கயிற்றில் தொங்கிய வீட்டுத் திறப்பையும் நடுவர் கழற்றச் சொன்னதால் கிறிகோரி அந்தப் பையில்தான் போட்டிருந்தான்.

கோலுக்குப் பின்னால் நின்ற விடிவெள்ளிக்காரருக்குக் கொண்டாட்டம்.

“றொஜர்தான் போன் அடிக்கிறான் கிறிகோரி, எடுத்துக் கதையன்! பாம்பர்ஸ் எங்கை வைச்சனியெண்டு கேக்கிறான்போல!”

சிரித்தார்கள். கடலலையின் இரண்டாவது கோலி பிறின்ஸ் கோட்டோரம் குந்தியிருந்து நகம் கடித்தான். உயரப் பந்து வந்தால் கண்ணை மூடுகிறவன். இறுதியாட்டத்தில் கம்பத்துக்குள் அவன்தான் நிற்பான்.

விட்டால் என்ன?

பெனால்டியை விட்டதற்காக எந்தக் கோலியையும் யாரும் ஏசியதில்லை. முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த ஞாயிறு கிழவருக்குப் பக்கத்தில் இருந்து, பிறின்ஸ் கண்ணை மூடுவதைப் போனில் பார்க்கவும் தேவையில்லை.

நடுவர் விசிலை வாயில் வைத்தார்.

செட்ரிக் ஓடிவந்தான்.

கிறிகோரி பந்தைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பார்த்தான். நான்கு வருடமாகக் கிழவரைக் கட்டிலில் புரட்டுகிறான், கதிரையில் இருத்துகிறான். ஒரு உடம்பு எந்தப் பக்கம் சரியப்போகிறது என்று முதலில் சொல்வது இடுப்பு. தலையும் காலும் பிறகுதான்.

செட்ரிக்கின் இடுப்பு ஒரு பக்கமாக ஒரு நூல் அளவு திறந்தது.

பிடிப்பதா விடுவதா என்று கிறிகோரி இன்னும் முடிவு செய்யவில்லை. அவனுடைய உடம்பு கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. சரிகிற பக்கம் போய்த் தாங்கித்தான் அதற்குப் பழக்கம்.

பந்து உள்ளங்கையில் அடித்து, கம்பத்தில் மோதி, வெளியே ஓடியது.

கடலலை முழுக்க அவன்மேல் விழுந்தது. மண்ணோடு மண்ணாக அமுக்கி, பிறகு இழுத்து எடுத்துத் தோளில் ஏற்றினார்கள். யாரோ பையையும் தூக்கிக் கொடுத்தார்கள். போன் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. பல்லால் கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தான்.

“வந்திட்டமடா! கப்பைத் துடைச்சு வை!”

போனின் மறுபக்கம் தூரத்தில் இரண்டு மூன்று பேர் இத்தாலி மொழியில் மெல்லக் கதைப்பது மட்டும் கேட்டது.

“கிறிகோரி, கிழவர் போயிட்டார்,” என்றான் றொஜர். “சூப் குடிச்சவர். வாயைத் துடைச்சுவிட்டன். அவ்வளவுதான்.”

தோளில் தூக்கியவர்கள் கிளப்பின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு மைதானத்தைச் சுற்றத் தொடங்கினார்கள். கிறிகோரி ஒரு கையால் யாருடைய தலையையோ பிடித்துக்கொண்டான்.

“மகள் நாளைக்கு வாறாவாம். ரெண்டு பேரின்ரை திறப்பையும் மேசையிலை வைக்கட்டாம். நான் சாமான்களைக் கட்டிறன். உன்ரையையும் கட்டவோ?”

கிறிகோரி பைக்குள் கை விட்டான். திறப்பு விரலில் தட்டுப்பட்டது.

“ஓம்,” என்றான்.

மறுபக்கம் றொஜர் பையின் சிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது.

“மச்சான், அடுத்த ஞாயிறு நீயும் விளையாடலாம்.”