நூற்றுக்குப் பன்னிரண்டு

ராக்கப்பனின் பழைய மெஷின் நூற்றுக்கு மூன்று என்றது. அப்ஸல் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவழைத்த புது மெஷின் பன்னிரண்டு என்றது.

தீவில், கராச்சர்மா காலனியில் ஜெகநாதன் வீட்டு ஏ.சி. குழாய்களில் எவ்வளவு காற்று கசிகிறது என்பதுதான் கேள்வி. உட்கூரைக்குள் ஓடும் அந்தக் குழாய்களைப் போட்டவன் ராக்கப்பன்; தொழிலில் அவனுக்குப் போட்டியாக வந்தவன் அப்ஸல். எந்த மெஷின் தேறுகிறதோ, அதன் சொந்தக்காரனுக்கே காலனியின் நாற்பது வீட்டுச் சோதனையும் என்று சங்கத் தலைவர் ஜெகநாதன் அறிவித்திருந்தார். ஓய்வுபெற்ற இன்ஜினியர். வீட்டிலும் சட்டைப்பையில் பேனாவோடுதான் திரிவார்.

"பக்வாஸ் பண்ணாம, உளறாம சொல்லு. உன் மெஷின் பொய் சொல்லுதா, நீ சொல்றியா?"

ஜெகநாதன் ராக்கப்பனை அதட்டினார்.

"அப்பவே சொன்னேன், இந்த ஆளுக்குக் கை சுத்தமில்லேன்னு" என்று எடுத்துக் கொடுத்தாள் ஜெகநாதனின் மனைவி மரகதம்.

கசிவைக் கையோடு காட்டிவிட்டால் நாற்பது வீடும் தனக்குத்தான். அப்ஸல் உற்சாகமாகக் குழாய்க்குள் புகையை ஏற்றினான். அண்ணாந்து பார்த்தே ஜெகநாதனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் எங்குமே புகை வரவில்லை.

அப்ஸல் கொல்லைப்பக்கம் போனான்.

சமையல்கார ஒச்சம்மாவின் தகர அறை. கட்டிலுக்கு மேலே சுவரைத் துளைத்துக்கொண்டு வந்திருந்த கையகலக் குழாயிலிருந்து குபுகுபுவென்று புகை. ஒச்சம்மா இருமிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டாள்.

சோதனைக்காக ஏ.சி.யை நிறுத்தி அரை மணிதான் ஆகியிருந்தது. அறை அதற்குள் அடுப்பாகியிருந்தது. ராக்கப்பன் தன் சோதனைக்கு முன் இந்தக் குழாயை அடைத்துத்தான் மூன்று காட்டியிருக்க வேண்டும்.

அப்ஸலும் ஒரு துணியை அடைத்துவிட்டுத் திரும்பினான்.

"தப்பு என்னுது, சார். ஜீரோ செட் பண்ணாம ஓட்டிட்டேன்."

மறுபடி ஓட்டினார்கள். மூன்று.

ஜெகநாதன் சிறு பிரசங்கம் செய்தார். பழையது நம்பகம், புதியது பகட்டு, கருவிகளை ஒப்பிடாமல் முடிவெடுப்பவன் மூடன். நாற்பது வீடும் ராக்கப்பனுக்கு. அப்ஸலுக்கு இலவசமாக, படிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல்.

அப்ஸல் மெஷினைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது மரகதம் டீ கொண்டுவந்தாள். கணவர் உள்ளே போய்விட்டாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அடைச்ச துணியை எடுத்துட்டுப் போ தம்பி. அந்தக் குழாயை ராக்கப்பன்கிட்ட கெஞ்சிப் போட வெச்சதே நான்தான்."