ஒரு கிள்ளு

குழந்தையின் கண் சொக்கியதும் அம்மாக்காரி அதன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

வீல் என்று அலறியது.

இது எத்தனையாவது தடவையோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நர்ஸ் நான், அவள், குழந்தை என்று மூன்று பேரும் காலையிலிருந்து இந்த அறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறோம். கதவைச் சாத்தியே வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஒரு பிஸ்கட் துணுக்குகூட உள்ளே வரக் கூடாதாம். என் சாப்பாட்டு டப்பாவையே வெளியில் வாங்கி வைத்துவிட்டார்கள்.

குழந்தையைப் பட்டினி போட்டுத்தான் இந்தப் பரிசோதனை. வயிறு காய்ந்தால் உடம்பு தன்னிடம் இருக்கிற கொழுப்பைக் கரைத்து எரிக்கத் தொடங்கும். இதன் உடம்பில் கொழுப்பு கரைகிறது, ஆனால் எரிய மாட்டேன் என்கிறது என்பது டாக்டரின் சந்தேகம். ரத்தத்தில் சேர்கிற கொழுப்பு அமிலத்தை அளந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்குப் பசி இன்னும் முற்ற வேண்டும். அதுவரை பால் கிடையாது.

அழுது அழுது தொண்டை கட்டிப்போன குழந்தை கொஞ்சம் அசந்தால்தான் என்ன? தூங்கினால் பசியாவது தெரியாது. பாவி, அவளுக்கு அதுகூடப் பொறுக்கவில்லை.

பட்டினியில் சர்க்கரை இறங்கிவிடக் கூடாதே என்று விரல் நுனியில் குத்திப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கையில் போட்டிருந்த ஊசி வழியாக ரத்தம் எடுத்து, குப்பியை ஐஸில் புதைத்தேன். நான் திரும்புவதற்குள் இன்னொரு கிள்ளு.

“பெத்தவதானா நீங்க? சுகர் நல்லாத்தானே இருக்கு, கொஞ்சம் தூங்க விடுங்களேன்!”

அவள் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. குழந்தையின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூத்தவனும் ஒருநாள் சாப்பிடாமலே தூங்கிட்டான், சிஸ்டர். சமத்துன்னு போர்த்திட்டு வந்தேன்.”

இதற்கு மூத்தவன் ஒருவன் இருந்தான் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஐஸ் பெட்டியை மூடினேன். கட்டிலின் மறுபக்கம் போய் உட்கார்ந்தேன். மனசு கேட்காமல் இன்னொரு தடவை சர்க்கரை பார்த்தேன்.

சரியாகத்தான் இருந்தது.

குழந்தையின் கண் மெல்லச் சொக்கியது. அவள் கை நீள்வதற்குள் நான் கிள்ளிவிட்டேன்.